உதகைக் குளிரைத் தாங்கி, மெதுவாக வளரும் பாசி தின்னும் மீன் எது?

லவ்டேல் வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முற்றத்தில் ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும் சிமெண்டுத் தொட்டியில் 6 தங்கமீன்களை வளர்த்து வருகிறேன். வெயில் நேராக விழுவதால் சுவரெங்கும் பாசி படர்கிறது. பாசியைத் தின்னட்டும் என்று சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் வாங்கிவந்த, வாயால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் 2 சக்கர் மீன்களும், மார்கழியில் உறைபனி விழுந்த முதல் வாரத்திலேயே அடியில் விறைத்துக் கிடந்தன. என் அறியாமையால் அவை இறந்தது இன்னும் உறுத்துகிறது. இப்போது வேறொரு கடைக்காரர், முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் நிமிர்ந்த 'ஹைஃபின் ஷார்க்' குஞ்சுகளைக் காட்டி, இவை குளிர் தாங்கும், பாசி தின்னும், மெதுவாகத்தான் வளரும் என்கிறார். வாங்கலாமா?

கோத்தகிரி அன்பர்:
வணக்கம் ஐயா. வேண்டாம். பெயரில் ஷார்க் என்றிருந்தாலும் அது சுறா அல்ல, சீனாவின் யாங்சி ஆற்று மீன். தொட்டியில் மெதுவாக வளரலாம், ஆனால் வளர்ச்சி நிற்காது; குஞ்சுப் பருவத்துப் பட்டைகள் மறைந்து, உடல் நீண்டு, 1 மீட்டரையும் தாண்டிவிடும். பாசியை மேய்வதைவிட அடிமண்ணைத் துழாவிப் புழுக்களைத் தின்பதே அதிகம். இடம் போதாமல் போனபின் ஏரியில் விட்டுவிடலாம் என்று யாரும் எண்ணக் கூடாது. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த ஜெர்மன் வகைக் கெண்டை, இன்றும் நம் நீர்நிலைகளில்தான் இருக்கிறது.

கொடைக்கானல் வாசகர்:
மலைத் தொட்டிக்காரர்கள் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்று நம்பி நாம் ஏர் பம்பை நிறுத்திவிடுகிறோம். ஆனால் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கே இருப்பதால், 10 டிகிரி நீரிலும் லிட்டருக்கு 8.6 மில்லிகிராம் அளவே கரையும்; கடற்கரை ஊரில் 23 டிகிரி நீரில் உள்ள அளவுதான் அது. பாசி தின்னும் மீன்களில் பல ஓடும் நீருக்குப் பழகியவை என்பதால், இந்தக் குறைவு அவற்றைத்தான் முதலில் வாட்டும்.

நான் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில், கல்லில் வயிறு ஒட்டிக் கிடக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கார்ரா இன மீன்கள் நான்கை வைத்திருக்கிறேன். ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஃபில்டரிலிருந்து நீர் பாயும் இடத்தில் உருண்டைக் கற்களை வைத்தால், அவை பாசியைச் சுரண்டிய தடம், விடியற்காலையில் கல்லின்மேல் விரலால் வளைவு வளைவாகத் துடைத்ததுபோல் தெரியும். ஆனால் உறைபனி விழும் திறந்த தொட்டிக்கு இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். வனப்பகுதி ஓடைகளில் அனுமதியின்றிப் பிடிப்பதும் தவறு.

லவ்டேல் வாசி:
மிக்க நன்றி. ஹைஃபின் ஷார்க்கை வாங்கப் போவதில்லை. அப்படியானால் பாசியை என்ன செய்வது?

கோத்தகிரி அன்பர்:
தொட்டியின் பாதிக்குமேல், மலர்த் தோட்டங்களில் கட்டும் பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள். தீவனத்தைக் குறையுங்கள், மிச்சமாவது பாசிக்கு உரமாகிறது. மூன்று சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு, ஒன்றை அப்படியே விடுங்கள். தங்கமீன்களே அதைக் கொத்தித் தின்னும். நீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தீவனமே வேண்டாம். ஏர் பம்பு மட்டும் இரவில் ஓடட்டும்.