மறு: "ஆக்கிரமிப்பு நடத்தை"க்குப் பதிலாகத் "தாக்குமுனைப்பு"

வணக்கம். ஆங்கிலத்தில் aggression எனப்படும், பிறரைத் தாக்க முனையும் நடத்தைக்கு மூளை அறிவியலில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "ஆக்கிரமிப்பு நடத்தை" ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, அந்தச் சொல்லை வியாசர்பாடியில் ஒரு வகுப்பில் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். பிள்ளைகளுக்கு உடனே நினைவுக்கு வந்தது கால்வாய் ஓரத்து வீடுகளை இடிக்க வந்த பொக்லைன்தான். ஆக்கிரமிப்பு என்றால் இங்கே பட்டா, நோட்டீஸ், அகற்றம். இதில் மூளைக்கு என்ன வேலை என்று ஒரு பெண் கேட்டாள், நியாயமான கேள்வி.

"வன்முறை"யும் சரிவராது. கூட்டருகே வந்த பறவையை இன்னொன்று கொத்தி விரட்டினால் அதை வன்முறை என்போமா?

எங்கள் ஊர்ப் பேச்சில் "எகிறு" என்ற அருமையான வினை இருக்கிறது, "சும்மா எகிறாத" என்று தினமும் காதில் விழும். "எகிறல்" என்றே வைத்துவிடலாம் என்று இரண்டு நாள் ஆசையாகத்தான் இருந்தது. தடுத்தது, மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியைப் பற்றிய ஆய்வுகள். ஜூரிக்கில் உடலியலாளர் வால்டர் ஹெஸ் பூனையின் ஹைப்போதலாமஸை மெல்லிய மின்கம்பியால் தூண்டியபோது, அது முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்துச் சீறியது. அவருக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு 1960களில் ஜான் ஃபிளின் குழுவினர் அதே ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியைத் தூண்டினார்கள், பூனை சத்தமே போடாமல் எலியை நெருங்கிக் கடித்தது. முதலாவது எகிறல், சந்தேகமில்லை. இரண்டாவதில் எகிறலே இல்லை, ஆனால் தாக்குதல் இருக்கிறது.

அதனால் பொதுச்சொல்லாகத் "தாக்குமுனைப்பு", அதன் கீழே "சீறித் தாக்கல்", "பதுங்கித் தாக்கல்" என்று இரண்டு. மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை மோப்பம் பிடிப்பதும் நெற்றிப் பக்கத்து மூளைப் புறணி கடிவாளம் போடுவதும் முனைப்பு என்ற சொல்லோடு இயல்பாகப் பொருந்துகின்றன, ஏனென்றால் முனைப்பை அடக்க முடியும், நடந்து முடிந்த செயலை அடக்க முடியாது.

அப்புறம், ஆண்களின் உடலில் அதிகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு "வீரச்சுரப்பு" என்று வந்த பரிந்துரையைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். 1849இல் ஜெர்மன் ஆய்வாளர் பெர்தோல்ட் விதை (விந்தகம்) நீக்கிய சேவல்கள் சண்டையை மறந்தன, விதையைத் திரும்ப வயிற்றுக்குள் பொருத்தியதும் மறுபடி மோதின, அது உண்மை. ஆனால் மனிதரில் அந்தத் தொடர்பு மெலிந்தது, போட்டியே இந்த ஹார்மோனைக் கூட்டுவதும் உண்டு, பெண்களின் உடலிலும் அது சுரக்கிறது. எங்கள் பக்கம் குத்துச்சண்டை பழகும் பையன்களுக்கு இந்தச் சுரப்புதான் வீரம் என்று ஒரு பெயரே சொல்லிக்கொடுத்தால், ஊசி போட்டுக்கொள்ளத் தூண்டுவதாகவும் ஆகிவிடும். டெஸ்டோஸ்டிரோன் என்றே எழுதுவோம்.

"பதுங்கி" என்பதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், "தாக்குமுனைப்பு" பற்றி மறுப்பு இருந்தாலும்.