சுண்ணாம்புச் சுவர்: சமன்பாடு வருகிறது, புரிதல் வரவில்லை

கேள்வி (காரைக்குடி): பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுண்ணாம்பு கார்பன் டைஆக்சைடோடு சேரும் வேதிச் சமன்பாட்டைச் சரியாக எழுதுகிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு ஏன் இறுகுகிறது என்றால், "தண்ணீர் காய்ந்ததால்" என்கிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில் 1: வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த நர்ரன்பர்னும் பிக்கரிங்கும் 1987-லேயே இதைக் காட்டினார்கள் சார்: கணக்குப் போடுகிறவர்கள் பலர் துகள் படத்தில் (அணு, மூலக்கூறுகளை வரைந்து காட்டும் படம்) தடுமாறுகிறார்கள். எடையில் தொடங்குங்கள். 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கி 100 கிராம் ஆகிறது. வெறுமனே காய்ந்தால் எடை கூடுமா? பிறகு துகள் படம் வரையச் சொல்லுங்கள். வேதிக் குறியீடு கடைசியில்தான்.

பதில் 2: 1 லிட்டர் தண்ணீரில் 2 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு போட்டுக் குலுக்கி மூடி, இரவெல்லாம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு சேர்ந்து மேலே கால்சியம் கார்பனேட் ஏடு படியும். சுவரில் நடப்பதும் அதுதான். அந்தத் தெளிநீரில் மூச்சை ஊதிக் காட்டினால் பால்நிறம் வந்ததும் நிறுத்துங்கள், தொடர்ந்தால் பைகார்பனேட்டாகித் தெளிந்துவிடும். சுட்ட சுண்ணாம்பை (இன்னும் தண்ணீர் சேர்க்காதது) பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம், கண் போய்விடும்.