லாக் வியூவருக்கு வண்ணம் எதற்கு?

இரவுப்பணி:
எங்கள் குழுவுக்காகச் சின்னதாக ஒரு லாக் வியூவர் (சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகளைத் திரையில் காட்டும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். எரர் சிவப்பு, வார்னிங் மஞ்சள், இன்ஃபோ பச்சை, நேரம் நீலம், ஐபி முகவரி ஊதா. பின்னணி கறுப்பு. நீளமான வரி தானாக மடிந்துகொள்ளும். டீமில் இருக்கும் அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னப்பா, தீபாவளிக் கடை போட்டிருக்கே?" என்கிறார். அவ்வளவு மோசமா?

கறுப்புத்திரை:
அண்ணன் சொன்னது சரி. லாக்கில் பெரும்பாலும் இன்ஃபோ வரிதான் வரும். அதற்கும் பச்சை அடித்தால் திரை முழுக்க நெல்வயல், எரர் எங்கே தெரியும்? எரருக்கு மட்டும் நிறம் கொடுங்கள், மற்றதெல்லாம் சாதாரண எழுத்தாகவே இருக்கட்டும். வரியை மடிக்கவே கூடாது. கோப்பைத் திரையில் காட்டும் லெஸ் கட்டளையில் மைனஸ் எஸ் (பெரிய எழுத்து) போட்டுப் பாருங்கள். வரி மடியாமல் நேரம், நிலை, செய்தி மூன்றும் மேலிருந்து கீழே ஒரே நேராக நிற்கும். கண் தானாக இறங்கும்.

மூணாவது_ஷிப்ட்:
நிறத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மடிப்பில் மாட்டேன். ஜாவா ஸ்டாக் டிரேஸ் (பிழை எந்தெந்த அழைப்பு வழியாக வந்தது என்ற நீளப் பட்டியல்) முழுவதையும் ஜேசன் வடிவத்துக்குள் ஒரே வரியாகத் திணித்து அனுப்பும் சர்வீஸோடு குப்பை கொட்டிப் பாருங்கள். உண்மையான காரணம் கடைசி 'காஸ்டு பை' ('இதனால் வந்தது') பகுதியில் இருக்கும். அது வரைக்கும் வலது அம்பை அழுத்திக்கொண்டே இருப்பதா?

கறுப்புத்திரை:
அது அந்த சர்வீஸ் லாக் எழுதுகிற லட்சணம். வியூவர் மேல் பழி போடாதீர்கள். சொல்லைத் தேடித்தரும் கிரெப் கட்டளை எதற்கு இருக்கிறது?

மூணாவது_ஷிப்ட்:
எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே கிரெப்!

பாதிநிறம்:
எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நிறத்தை மட்டும் நம்பினால் எரரும் இன்ஃபோவும் எனக்கு ஒன்றுதான். ஆண்ட்ராய்டின் லாக் காட்டும் கருவியான லாக்கேட்டில் ஒவ்வொரு வரியிலும் எரருக்கு 'ஈ', வார்னிங்குக்கு 'டபிள்யூ' என்று ஓரெழுத்து நிற்கும், அதுபோல ஒன்று வையுங்கள். அப்புறம் அந்த நீலம். வலைப்பக்க எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடாவது வேண்டும் என்பது, எல்லோரும் படிக்கும்படி வலைப்பக்கம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதி. கறுப்பின் மேல் டெர்மினலின் அடர்நீலம் அதில் பாதியைத் தொட்டாலே அதிகம். நீங்கள் அதிகம் பார்ப்பது நேரத்தை, அதைப் போய் இருட்டில் வைத்திருக்கிறீர்கள்.

இரவுப்பணி:
நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் ஒரு வாடிக்கையாளர், 14ஆம் தேதி இரவு 1:10க்குப் பணம் போகவில்லை என்றார். 14ஆம் தேதிக் கோப்பை அரை மணி நேரம் துழாவினேன். சர்வர் ஓடுவது யுடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னே இருக்கும் உலகப் பொது நேரத்தில். வரி 13ஆம் தேதிக் கோப்பில் 19:40க்கு உட்கார்ந்திருந்தது. அதனால் இந்திய நேரமாக மாற்றிக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

கறுப்புத்திரை:
மாற்றினால் பக்கத்திலேயே +05:30 என்று கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை வாங்குகிறவர் அடுத்த அரை மணி நேரம் துழாவுவார்.

இரவுப்பணி:
போட்டுவிட்டேன். பச்சை, ஊதா, நீலம் எல்லாம் போயாயிற்று. ஓரெழுத்துக்குத் தனி நெடுவரிசை. வரி மடியாது, ஆனால் என்டர் தட்டினால் அந்த ஒரு வரி மட்டும் கீழே முழுதாக விரியும்.

மூணாவது_ஷிப்ட்:
அப்படியானால் சரி.

கறுப்புத்திரை:
விரிந்ததை மூட எஸ்கேப் வேலை செய்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.