மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்கும்போது முதல் தண்ணியை ஏன் வடிக்கிறோம்?

வேளிமலைப் பொண்ணு:
எனக்கு ஊர் தக்கலை பக்கம், கட்டிக்கொடுத்தது சேலத்துல. போன வாரம் கிழங்கு அவிச்சு முதல் தண்ணியை வடிச்சேன். "சத்தெல்லாம் போகாதா?"ன்னு அத்தை கேட்டாங்க. பாட்டி செஞ்சாங்க, அம்மா செஞ்சாங்க, நானும் செய்றேன். காரணம் யாருக்காவது தெரியுமா? அரிசி கிடைக்காத காலத்துல இதுதான் உயிரைக் காப்பாத்திச்சுன்னு பாட்டி சொல்லுவாங்க. அது எந்தக் காலம்?

குளச்சல் சாளை:
கசப்பு போகத்தான். வடிச்ச பிறகு உப்பு போடணும். தேங்காயும் சீரகமும் காந்தாரி மிளகாயும் அரைச்சுச் சேர்த்து மசிச்சு, சாளை மீன் கறி ஊத்தி அத்தைக்குக் கொடுங்க. அப்புறம் கேள்வியே வராது.

குலசேகரம் டீச்சர்:
மக்ளே, கசப்பு மட்டும் இல்ல, விஷமும் உண்டு. கிழங்கை வெட்டினா அதுல இருந்து சயனைடு பிரியும். கொஞ்சம் ஆவியாப் போகும், கொஞ்சம் தண்ணியில கரையும். அதனாலதான் சின்னத் துண்டா நறுக்கி, நிறைய தண்ணி வச்சு, மூடாம வேகவச்சு வடிக்கிறது. நம்ம ஊர்ல வீட்டுக்கு நடுற ரகங்கள்ல விஷம் குறைவு, அதனால இது போதும்.

எண்பதுகள்ல நான் நைஜீரியாவுல பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மா கிழங்கைச் சீவி, துருவி, சாக்குல கட்டி மேல கல்லைத் தூக்கி வைப்பாங்க. நாள் கணக்கா தண்ணி வடிஞ்சு புளிக்கும். பிறகு சலிச்சு, அகலமான இரும்புச் சட்டியில வறுத்தெடுத்தா 'காரி'. கொதிதண்ணியில கிண்டி, குழம்புல தொட்டுத் தின்பாங்க. அந்தப் புளிச்ச வாசனையில எனக்கு எங்க வீட்டு அடுக்களை ஞாபகம் வந்திரும்.

இந்தக் கிழங்குக்குச் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அமேசான் காட்டு மக்கள் துருவின மாவை நீளமான ஓலைப் பின்னல் குழாய்க்குள்ள திணிச்சு, இழுத்துப் பிழிஞ்சு சாறெடுத்துட்டு ரொட்டி சுடுவாங்க. 16-ம் நூற்றாண்டுல போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனாங்க.

திருவிதாங்கூர்ல இதைப் பரவலா நடவச்சவர் விசாகம் திருநாள் மகாராஜா. அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரை. அப்போ நம்ம கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர்தானே, 1956 நவம்பர் 1-லதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். பாட்டி சொன்ன காலம் இரண்டாம் உலகப்போரா இருக்கும். 1942-ல பர்மா ஜப்பான்காரன் கையில போச்சு, அங்கேருந்து வந்துட்டிருந்த அரிசி நின்னுச்சு. திருவிதாங்கூர் வெளியரிசியை நம்பின நாடு. அப்போ ஏழை வீட்டு அடுப்புல கொதிச்சது இந்தக் கிழங்குதான்.

'கிழங்கு தின்னு வளர்ந்தவன்'னு இளக்காரமாச் சொல்லுறதைக் கேட்டா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியும். அந்தச் சட்டியை வச்சுப் பிள்ளைகளை வளர்த்தெடுத்த பெண்களை நான் பார்த்திருக்கேன்.

வேளிமலைப் பொண்ணு:
ரொம்ப நன்றி டீச்சர். வடிக்காம விட்டா நிஜமாவே ஆபத்தா? கிழங்கு இலையைத் தின்ன எங்க ஆடு ஒண்ணு சின்ன வயசுல செத்துப்போச்சு, அதனால கேக்குறேன்.

குலசேகரம் டீச்சர்:
பச்சை இலையிலயும் அதே விஷம்தான், ஆட்டை அண்ட விடாதே. காங்கோவுல இலையைக்கூட நல்லா இடிச்சு, நேரமெடுத்து வேகவச்சுக் கறி வைக்கிறாங்க.

மனுசனுக்கும் ஆபத்து உண்டு, கசப்பு ரகத்தை அவசரமாச் சமைச்சா. 1981-ல மொசாம்பிக் நாட்டு நம்புலா மாகாணத்துல கடும் வறட்சி. தின்ன வேற எதுவும் இல்ல, காயவச்சுப் பதப்படுத்தக் காத்திருக்கவும் வழியில்ல. ஆயிரத்துக்கும் மேல பேருக்குக் கால் விளங்காமப் போச்சு, அதுல நிறைய பேர் பெண்களும் பிள்ளைகளும். அவங்களுக்குச் செய்முறை தெரியாம இல்ல மக்ளே, பசி பொறுக்கல.

உங்க ஊர்ல ஜவ்வரிசி ஆலைக்குப் போற கிழங்கை வாங்கிச் சமைக்காதே. வீட்டுக்குன்னு விக்கிறதைக் கேட்டு வாங்கு. கசந்தா ரெண்டு தண்ணி வடி. அதுக்குப் பிறகும் கசந்தா தின்னாதே, கொட்டிரு.

குளச்சல் சாளை:
டீச்சர், அந்தக் 'காரி'யை நம்ம கிழங்குலயே செய்யலாமா? வீட்டுல துருவி இருக்கு, சாக்கும் இருக்கு.

குலசேகரம் டீச்சர்:
தாராளமா. கல்லு நல்ல கனமா வை. வறுக்கும்போது கை விடாமக் கிளறு, இல்லன்னா அடிப்பிடிச்சுரும்.