இடிபாடு இறக்கும் குழாயின் சாய்வு குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உட்சுவர்களை இடிக்கும் பணியை மேற்பார்வையிட்டு வருகிறேன். செங்கல், காரைத் துண்டுகளை இறக்குவதற்காக, ஒன்றினுள் ஒன்று செருகிச் சங்கிலியால் பிணைக்கப்படும் பிளாஸ்டிக் குழாய்த் தொடரை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரும்புச் சட்டம் பொருத்தி மாட்டியிருக்கிறோம்.

முழுவதும் செங்குத்தாக விட்டபோது கற்கள் வேகமெடுத்துக் கீழுள்ள தொட்டியிலிருந்து தெறித்தன. கடைசி மூன்று குழாய்த் துண்டுகளைக் கயிற்றால் இழுத்துச் சாய்த்ததும் வேகம் தணிந்தது. ஆனால் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்த காரை வளைவில் ஒட்டிக்கொண்டதால், நேற்று குழாய் இரண்டு தளங்களின் உயரத்துக்கு அடைத்துவிட்டது. என்னை அச்சுறுத்துவது இந்த அடைப்புதான். வெற்றுக் குழாயைத் தாங்க வேண்டிய சட்டமும் பழைய கைப்பிடிச் சுவரும் தேங்கிய இடிபாட்டின் எடையையும் சேர்த்துத் தாங்க நேர்கிறது. ஆகவே கீழே தடுப்பு அமைத்து, எவரையும் அருகே விடாமல் பணியை நிறுத்தியிருக்கிறேன்.

சாய்வை எந்த உயரத்திலிருந்து தொடங்குவது, எவ்வளவு சாய்ப்பது நல்லது? சுவரை நம்பாமல், தளத்துக்கும் கூரைக்கும் இடையே முட்டுக்கொடுத்த இரும்புத் தூண்களில் சட்டத்தைக் கட்டலாமா? எவரும் குழாயின் அடியில் நின்று குத்தாமல் அடைப்பை நீக்கும் முறையைச் செய்து பார்த்தவர்கள் விளக்கினால், தொழிலாளர்களை அச்சமின்றி மீண்டும் பணிக்கு அழைக்க முடியும்.