புது வால்வு போட்டும் பிளேட் சிவக்கிறது: கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கு உதவி தேவை

கேள்வி

வணக்கம். ஃபெண்டர் நிறுவனத்தின் சாம்ப் ஆம்ப்ளிஃபையரின் 5எஃப்1 மின்சுற்றைப் பார்த்து நானே கட்டிய ஐந்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வுகள். சென்ற வாரம் முதல், போட்டவுடன் நன்றாகப் பாடும் ஆம்ப்ளிஃபையர் பத்து நிமிடத்தில் குரல் கம்மிப்போய், அடியில் ஓர் உறுமலும் சேர்ந்துகொள்கிறது. அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோது 6வி6-இன் உள்ளிருக்கும் பிளேட் எனும் சாம்பல் நிற உலோகத் தகட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தணல் போலச் சிவந்திருந்தது. வால்வுதான் போய்விட்டது என்று நினைத்துப் புதியது வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே சிவக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மறுமொழி 1

உறுமல் என்றால் முதலில் டிசி மின்சாரத்தை ஏற்றத்தாழ்வின்றிச் சமன்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டனவே, மாற்றிவிடுவது நல்லது.

மறுமொழி 2

ஃபில்டர் கெட்டால் உறுமல் வரும், ஆனால் பிளேட் சிவக்காது. இங்கே உறுமல் நோயன்று, நோயின் விளைவு: 6வி6 அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுப்பதால் ஃபில்டர்கள் ஈடுகொடுக்க முடியாமல் போகின்றன. வால்வு ரேடியோக்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி, மீட்டர் வைத்துப் பார்க்காமல் இனி ஒரு பொருளும் வாங்காதீர்கள்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடாமல், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கிளிப் வயரில் பிடித்து அந்த மின்னூட்டத்தை இறக்குங்கள். மீட்டர் சுழியத்தைக் காட்டிய பிறகே உள்ளே கை வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது அளப்பதானால் மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் (உலோகச் சட்டத்தில்) கிளிப் போட்டுவிட்டு ஒரு கையால் மட்டும் அளந்து, மற்றக் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டவே கூடாது.

6வி6 சாக்கெட்டைக் கீழிருந்து பார்த்து, சாவிப் பள்ளத்திலிருந்து கடிகாரச் சுற்றாக எண்ணினால் 5-ஆவது பின் கிரிட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை), 8-ஆவது கேத்தோடு (எலக்ட்ரான்களை உமிழும் முனை). குளிர்ந்த நிலையிலும் பத்து நிமிடம் கழித்தும் இரண்டையும் அளந்து எழுதுங்கள். நிமிடக்கணக்கில் சிவக்க விடாதீர்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. தொடக்கத்தில் 5-ஆவது பின்னில் 1 வோல்ட், 8-ஆவதில் 20. பத்து நிமிடத்தில் அவை 17, 31 என்று ஏறிவிட்டன. கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம்.

மறுமொழி 2

கணக்கு அங்கேயே இருக்கிறது. 31-ஐ 470-ஆல் வகுத்தால் 0.066 ஆம்பியர், அதாவது 66 மில்லிஆம்பியர். இந்தச் சுற்றில் 40-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கிரிட்டில் நேர் (பாசிட்டிவ்) வோல்ட்டேஜ் இருக்கவே கூடாது. அது வர வழி இரண்டு: 12ஏஎக்ஸ்7-இன் பிளேட்டிலிருந்து வரும் கப்ளிங் கண்டன்சர் (டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் கடத்தும் கெப்பாசிட்டர்) சூட்டில் கசிய வேண்டும், அல்லது 6வி6-இன் கிரிட்டே கெட்டிருக்க வேண்டும். புதிய வால்விலும் அதே கதை என்பதால் எனக்குக் கண்டன்சர் மேல்தான் சந்தேகம். ஆனாலும் உறுதி செய்துகொள்ள, ஆம்ப்ளிஃபையர் சூடாக இருக்கும்போதே அணைத்து, 6வி6-ஐத் துணியால் பிடித்துக் கழற்றி, சீரிஸ் பல்பு (மின்னோட்டம் மீறாமலிருக்க மின் இணைப்பில் வரிசையாகக் கோத்த குண்டு பல்பு) வழியாக இரண்டு நிமிடம் மட்டும் மின்சாரம் கொடுத்து வெறும் சாக்கெட்டின் 5-ஆவது பின்னை அளங்கள். வால்வே இல்லாதபோதும் வோல்ட்டேஜ் நின்றால் குற்றவாளி கண்டன்சர்.

கேட்டவர்

வால்வு இல்லாமலேயே 14 வோல்ட் காட்டியது. சென்னை ரிச்சி தெருவில் 223 (அதாவது 0.022 மைக்ரோஃபாரட்) என்று அச்சிட்ட, 630 வோல்ட் தாங்கும் பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றினேன். அரை மணி நேரம் வாசித்த பிறகும் கிரிட்டில் சுழியம், கேத்தோடில் 19 வோல்ட். சிவப்பும் இல்லை, உறுமலும் இல்லை. ஆனால் கேத்தோடின் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் தலை சற்றே உப்பியிருக்கிறது, விட்டுவிடலாமா?

மறுமொழி 2

விடாதீர்கள். அதன் மேல் 25 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதுதான் இத்தனை நாள் 31 வோல்ட்டைச் சுமந்திருக்கிறது. 50 வோல்ட் தாங்குவதாக ஒன்று போடுங்கள். கையோடு 470 ஓம் ரெசிஸ்டரையும் ஒரு காலைக் கழற்றி அளந்து பாருங்கள், அதுவும் வெந்திருக்கலாம். கழற்றிய பழைய 6வி6-ஐத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதன் மேல் தவறு இருந்ததாகத் தெரியவில்லை. போட்டு 8-ஆவது பின்னை அளங்கள், 19-ஐ ஒட்டி நின்றால் அதையே ஓட்டுங்கள், புதியதைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.