பழைய சர்வர் பிராசசரா, பழைய லேப்டாப் பிராசசரா? கிருஷ்ணகிரி, தருமபுரி அனுபவங்கள்

கிருஷ்ணகிரி, வீட்டு வரைபடத் தொழில்

வீடு கட்டுவோருக்கு வரைபடமும் முப்பரிமாணப் படமும் செய்து கொடுப்பது என் தொழில். ஐந்து ஆண்டுகளாக ஒரே லேப்டாப்தான். அதில் இருப்பது இன்டெல் கோர் ஐ5 8250யு பிராசசர். 2017-இல் வந்தது; 4 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை வரிசைகள்), 15 வாட். ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் பூமி பூஜைகள் வரிசை கட்டும். படம் கேட்டு வருபவர்கள் மறுநாளே கேட்பார்கள். அந்த நெருக்கடியில்தான் பெங்களூரு எஸ்.பி. சாலைக்குப் போய், பயன்படுத்திய ஒர்க்ஸ்டேஷன் (கனமான வேலைகளுக்கான மேசைக் கணினி) ஒன்றை வாங்கி, பஸ்ஸில் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். உள்ளே ஸியான் இ5 2670, இன்டெல் சர்வர்களுக்காகச் செய்த பிராசசர். அது 2012-ஆம் ஆண்டுச் சரக்கு. 8 கோர், 16 த்ரெட், 115 வாட்.

வந்த அன்றே சோதித்தேன். பர்கூரில் ஒருவருக்குச் செய்த கூடத்தின் படம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரே கோப்பு, ஒரே அளவு, கிராபிக்ஸ் கார்டு உதவி இல்லாமல். லேப்டாப் 68 நிமிடம் எடுத்தது. ஸியான் 39 நிமிடத்தில் முடித்துவிட்டது.

ஏன் என்று வேக அளவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் முதல் அரை நிமிடம் 3.4 கிகாஹெர்ட்ஸில் (நொடிக்கு 340 கோடித் துடிப்பு) பாய்ந்தது. பிறகு விசிறி இரையத் தொடங்கியது, விசைப்பலகையின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை, வேகம் 2.1-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. மதிய நேரம், அறையில் ஏசி கிடையாது. ஸியானோ எட்டுக் கோர்களும் ஓடும்போது 3.0-இல் நின்றது; கடைசி நிமிடம் வரை அசையவில்லை. நாளெல்லாம் மூட்டை சுமக்கவென்றே செய்யப்பட்டது அது. லேப்டாப் பிராசசர் கொஞ்ச தூரம் ஓடிக் காட்டும். பிறகு சூட்டுக்கும் வாட் வரம்புக்கும் கட்டுப்பட்டாக வேண்டும்.

ஆனால் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளில் கதை தலைகீழ். பெரிய மனைப்பிரிவு வரைபடத்தைத் திறந்து நகர்த்தினால் லேப்டாப்தான் முந்துகிறது. ஆட்டோகேட் பெரும்பாலான வேலையை ஒரே கோரில் செய்கிறது. ஸியானின் மற்ற ஏழு கோர்களும் கைகட்டி நிற்கின்றன. ஒற்றைக் கோரில் ஸியானின் உச்ச வேகம் 3.3, லேப்டாப்புக்கு 3.4. எண்ணில் வேறுபாடு இல்லை என்றுதான் நினைப்போம். ஐந்து ஆண்டு இளைய கோர், ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை செய்கிறது. கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

மின்சாரத்தையும் அளந்தேன். படம் ஓடும்போது ஸியான் பெட்டி 190 வாட், லேப்டாப் 35 வாட். நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் அதே படத்துக்கு ஸியான் 0.12 யூனிட், லேப்டாப் 0.04 யூனிட். விரைவாக முடித்தாலும் மூன்று மடங்கு மின்சாரம்.

தருமபுரி, கல்லூரி மாணவர்

அண்ணா, மின்சாரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு ரசீது நினைவுக்கு வந்தது. படங்களையும் பாடக் கோப்புகளையும் சேமித்து வைக்க, நானும் இதே இ5 2670 உள்ள பெட்டியை வாங்கி இரவும் பகலும் ஓடவிட்டேன். ராம் மலிவாகக் கிடைத்ததுதான் ஆசையைத் தூண்டியது. சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு ராம் சாதாரண கணினியில் வேலை செய்யாது என்பதால், பழையதை வாங்க ஆள் குறைவு; 64 ஜிபியை எளிதில் நிரப்பிவிட்டேன். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே பெட்டி 80 வாட் இழுத்தது. ஒரு நாளைக்கு 1.92 யூனிட், இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை முழுவதையும் என் பெட்டி ஒன்றே விழுங்கிவிட்டது. அப்பா ரசீதை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அதுதான் மிகவும் உறுத்தியது.

இப்போது அந்த வேலையை மாமாவின் பழைய லேப்டாப் செய்கிறது. ஐ5 3320எம், இதுவும் 2012-தான். 2 கோர், 4 த்ரெட். திரையை மூடி அலமாரியில் வைத்திருக்கிறேன். சராசரி 15 வாட், இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள். மின்வெட்டு வந்தால் பேட்டரி தாங்கிக்கொள்கிறது. தனியாக யுபிஎஸ் வேண்டியதில்லை. கோப்புகளைப் பரிமாறும் வேலைக்கு எட்டுக் கோர் எதற்கு?

ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர்

என் அனுபவம் வேகத்தைப் பற்றியது அல்ல. இயந்திரக் கற்றலைப் பழக வேண்டும் என்று ஸியான் எக்ஸ்5650 இரண்டு பூட்டிய சர்வர் வாங்கினேன். 2010-ஆம் ஆண்டு வந்தது; இரண்டும் சேர்ந்து 12 கோர், 24 த்ரெட். அதற்கான டென்சர்ஃப்ளோ என்ற மென்பொருளை நிறுவி முதல் வரியை இயக்கினேன். திரையில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' (பிராசசருக்குத் தெரியாத கட்டளை) என்று ஒரே வரி, நிரல் நின்றுவிட்டது. மூன்று இரவு ராமைக் கழற்றி மாட்டினேன், இயங்குதளத்தை மறுபடி நிறுவினேன். அதே வரிதான்.

காரணம் பிராசசர்தான். டென்சர்ஃப்ளோ 1.6 முதல், ஆயத்தமாகக் கிடைக்கும் கோப்புகளுக்கு ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி வேண்டும். இன்டெல் அதை 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில்தான் சேர்த்தது. என் எக்ஸ்5650 அதற்கு முந்தைய தலைமுறை. தங்கை கல்லூரியில் பயன்படுத்திய லேப்டாப்பில் ஐ5 2520எம் இருந்தது, இரண்டே கோர். அதில் அதே நிரல் மறுபேச்சில்லாமல் ஓடியது. இப்போது எதை வாங்கப் போனாலும் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் கொண்டுபோகிறேன். பிராசசர் விவரங்களைக் காட்டும் எல்எஸ்சிபியு என்ற கட்டளையைத் தட்டி, வரும் பட்டியலில் ஏவிஎக்ஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறேன்.

பாலக்கோடு

லேப்டாப் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ7 என்ற ஒட்டுவில்லையை நம்பி ஐ7 7500யு வாங்கினேன். அது 2 கோர், 4 த்ரெட். மறு ஆண்டு வந்த ஐ5 8250யு-வில் 4 கோர். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஆதரவு என்பதால், ஏழாம் தலைமுறையான என்னுடையது அதிலும் விடுபட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 14 அக்டோபர் 2025-உடன் முடிந்தது. ஓர் எண் தள்ளிப் பார்த்திருந்தால் அதே பணத்துக்கு நல்லதாகவே கிடைத்திருக்கும்.

கிருஷ்ணகிரி, வீட்டு வரைபடத் தொழில்

தருமபுரித் தம்பி சொன்னதைப் படித்த அன்றே என் பெட்டியை இரவும் பகலும் ஓடவிடுவதை நிறுத்தினேன். வரைவது முழுவதும் லேப்டாப்பில். ரெண்டர் செய்ய (முப்பரிமாண வரைவை முழுப் படமாக மாற்ற) வேண்டிய படங்களை வாரம் முழுவதும் சேர்த்து வைத்து, ஓர் இரவில் மட்டும் ஸியானை எழுப்புகிறேன். போன ஞாயிறு இரவு பத்தரைக்கு 11 படங்களை வரிசையில் விட்டேன். காலை ஆறு மணிக்குப் பால் வாங்க எழுந்தபோது கடைசிப் படமும் முடிந்திருந்தது. இராயக்கோட்டை வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கு வந்து, சமையலறைச் சுவரின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னார்.